வலது கால் செருப்பு

ஜூலை 12, 2018, வியாழன்

பாடக் குறிப்பேட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் ரூத் சரித்திரம், பின்பக்கம் என் சரித்திரம். இந்த வீட்டில் வேதபாட நோட்டை யாரும் முழுதாகப் புரட்டியது கிடையாது. மாமி மட்டும் அந்தந்த வாரத்துப் பாடத்தைப் பார்ப்பார்கள், சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போடுவார்கள், மூடி வைத்துவிடுவார்கள். அதனால் இதைவிடப் பத்திரமான இடம் எனக்குக் கிடைக்காது.

எபனேசர்புரம் சபையின் பெண்கள் சங்கத்துக்கு என் மாமியார்தான் தலைவி. பாக்கியமணி அம்மா என்றால் சபைப் போதகர் ஐயரே நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அடுத்த வெள்ளியிலிருந்து நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு அதிகாரமாக, ரூத்தின் கதையை நான் பாடம் எடுக்க வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. ஏன் நான் என்று கேட்டேன்.

"நீ படிச்சவ. ரூத்து மாதிரி மருமவன்னு ஊரே சொல்லுது. நீ சொன்னாத்தான் எடுபடும்" என்றார்கள்.

என் பெயர் எமிமாள். வயது முப்பத்திரண்டு. கிப்சன் வாத்தியாரின் மனைவியாக ஏழு வருடம் இருந்தேன். பதினான்கு மாதமாக அவருடைய விதவையாக இருக்கிறேன். மஞ்சள் காமாலை, பதினோரு நாளில் முடிந்துவிட்டது. மகள் பெர்சிஸுக்கு ஐந்து வயது. அப்பாவும் அம்மாவும் இல்லை. சென்னையில் ஒரு அண்ணன் இருக்கிறான். அங்கேயே அனுசரித்து இரு என்று கிறிஸ்துமஸுக்குக் கார்டு போட்டான்.

மதுரையில் ஒரு இறையியல் பள்ளியில் நூலகம் பார்க்கிற பியூலா அக்கா, என்னோடு கல்லூரி விடுதியில் இருந்தவள். யூதர்களின் பழைய வழக்கங்களைப் பற்றிய குறிப்புகளை நகலெடுத்துத் தபாலில் அனுப்புகிறாள். ஒரு கதையை முதலில் கேட்டவர்களின் காதால் கேட்கவேண்டும், நம் காதால் கேட்டால் பாதிதான் விளங்கும் என்பது அவள் கட்சி.

ஜூலை 14, சனி

மாமி கேட்டைப் பூட்டுகிறார்கள் என்று மட்டும் எழுதினால் தப்பாகப்படும். படிக்க யாரும் இல்லை என்றாலும் சரியாக எழுதிவிடுகிறேன். தேரிக்காட்டுப் பக்கம் திருட்டு அதிகம், அதனால் பூட்டுகிறார்கள். என் செல்போனின் திரை உடைந்துவிட்டது, மாமி சரிசெய்யக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மாதம் ஆகிறது. கடைக்காரர் நிதானமான ஆள் போலிருக்கிறது. என் சான்றிதழ்களெல்லாம் கரையான் அரிக்காமல் மாமியின் பீரோவில் இருக்கின்றன. பீரோச் சாவி மாமியின் இடுப்பில் இருக்கிறது.

நான் ஒன்றும் அடைபட்டுக் கிடக்கவில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன், வெள்ளி சங்கத்துக்குப் போகிறேன். இரண்டுக்கும் மாமி துணைக்கு வருகிறார்கள்.

இன்று சாளைமீன் குழம்பு. நல்ல துண்டெல்லாம் என் தட்டில்தான் விழுந்தன. மாமி அப்படித்தான், தனக்கு வாலை வைத்துக்கொள்வார்கள்.

ஜூலை 17, செவ்வாய்

முதல் அதிகாரத்துக்குக் குறிப்பு எழுதி முடித்தேன். மாமி ஒரு கோடும் போடவில்லை. மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் செல்வின் சனிக்கிழமை லீவில் வருகிறான் என்று அப்போதுதான் சொன்னார்கள். முப்பது நாள் லீவாம். எனக்குப் பச்சையில் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறார்கள். பதினான்கு மாதமாக வெள்ளையும் சாம்பலும்தான் உடுத்துகிறேன், திடீரென்று பச்சை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 20, வெள்ளி

முதல் பாடம். முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டச் சொல்லியிருந்தார்கள் மாமி. நடக்கமுடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று சொன்னார்கள். மருமகளின் குரல் ஊர் முழுக்கக் கேட்கவேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

நம் சபைகளில் ரூத்தின் ஓரகத்தி ஒர்பாளுக்குத் திட்டுதான் கிடைக்கும். மாமியாரை நடுவழியில் விட்டுவிட்டுப் போனவள் என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அடி வாங்குவாள். பழைய யூத மக்கள் கேட்டபோது வேறொன்று அவர்கள் காதில் விழுந்தது. மாமியார் நகோமி தன் இரண்டு விதவை மருமகள்களிடமும் மூன்று தடவை திரும்பிப் போங்கள் என்கிறாள். சும்மா உபசாரத்துக்குச் சொல்லவில்லை, முத்தம் கொடுத்து ஆசீர்வதித்து அனுப்புகிறாள். பிற்பாடு அவர்களுடைய மூப்பர்கள் அதிலிருந்தே ஒரு வழக்கம் வைத்தார்கள். தங்களோடு சேர வருகிறவரை மூன்று தடவை திரும்பிப் போகச் சொல்லவேண்டும், அதற்கு மேலும் வந்தால்தான் அது வருகை. ஒர்பாள் போனதில் குற்றமில்லை. வழி திறந்திருந்தது, போனாள். ரூத்துக்கும் வழி திறந்திருந்தது, அவள் போகவில்லை.

இதைச் சொல்லும்போது மாமி மேடையில் கண்மூடித் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஞாபகமாகக் கேட்டைப் பூட்டினார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் ரூத் மாமியாரிடம் சொன்ன, நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்கிற வசனம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது, எங்கள் கல்யாணத்தன்று மாமி மாட்டியது. நகோமி சொன்னதையும் பக்கத்தில் மாட்டியிருக்கலாம்.

ஜூலை 22, ஞாயிறு

செல்வின் வந்துவிட்டான். கறுத்து மெலிந்திருக்கிறான். அங்கே ஏசி மெக்கானிக் வேலை, மொட்டைமாடியிலேயே வாழ்க்கை என்கிறான். காலில் புறங்காலோடு வார் மாட்டுகிற தடித்த தோல் செருப்பு, அந்த நாட்டுக்காரர்கள் போடுவதாம். அவன் பாஸ்போர்ட்டையும் மாமி வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். தொலைந்துவிடக்கூடாது பாருங்கள்.

என்னை 'மைனி' என்றுதான் கூப்பிட்டான், அண்ணன் மனைவியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இன்னும் என்னடா மைனி?" என்றார்கள் மாமி. அவன் தரையைப் பார்த்தான்.

ஜூலை 25, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன்.

மாலை ஐந்து மணிக்கு ஐயர் வந்தார். காப்பி கொடுத்தேன். மாமி எனக்கு ஒரு பக்கம், செல்வின் ஒரு பக்கம். செத்தவனுடைய பெண்சாதியைச் சகோதரன் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று மோசேயின் சட்டமே இருக்கிறது, பேராயத்திலும் அனுமதி வாங்கியாகிவிட்டது என்று மாமி சொல்ல, ஐயர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சம்மதந்தானம்மா?" என்றார். பெர்சி அப்போது மாமியின் மடியில் இருந்தாள். காலையில்தான் மாமி சொல்லியிருந்தார்கள், நான் ஏறுக்குமாறாகப் பேசினால் பிள்ளையைப் பம்பாயில் தன் அக்கா வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போவதாக. நான் காப்பித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயர் டம்ளரைக் கீழே வைத்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுந்துவிட்டார். என் சம்மதம் அந்தத் தட்டில் இருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று சபை முன்னால் படிப்பார்கள். மூன்றாவது ஓலைக்குப் பிறகு பதினாறாம் தேதி கல்யாணம்.

செல்வின் வாயே திறக்கவில்லை. வாயில்லாப் பூச்சி. கூடப்பிறந்தவனின் மனைவியைக் கட்டப் பூச்சிக்கு என்ன அவசரம்.

ஜூலை 27, வெள்ளி

இரண்டாவது பாடம். ஒலிபெருக்கி கீச்சிடுகிறது என்று செல்வினை வெளியே வேப்பமரத்தடியில் ஆம்ப்ளிஃபயரோடு உட்காரவைத்துவிட்டார்கள் மாமி. பாவம், பெண்கள் கூட்டத்துக்குக் காவல்.

வயலில் ரூத் கதிர் பொறுக்கியதை நாம் வயலின் சொந்தக்காரன் போவாஸின் இரக்கம் என்றே சொல்லிவந்திருக்கிறோம். அது இரக்கம் இல்லை, பாத்தியதை. அறுக்கிறவன் வயலின் ஓரத்தை அறுக்கக்கூடாது, சிந்தியதைத் திரும்பப் பொறுக்கக்கூடாது. அது விதவைக்கும் பரதேசிக்கும் உரிய பங்கு. கேட்டு வாங்கவேண்டியதில்லை, நன்றி சொல்லவேண்டியதில்லை. இதைச் சொன்னதும் மூன்றாம் தெருவிலிருந்து வரும் கிரேசம்மா, "எங்க வீட்டுல சோத்துக்கே நான் நன்றி சொல்லிட்டு இருக்கேன்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவர் புருஷன் செத்து இருபது வருடம். நானும் சிரித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் செல்வின் சொன்னான், இன்று பாடம் நன்றாக இருந்தது என்று. மைனி என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். வேறு ஒன்றாகவும் கூப்பிடவில்லை.

ஜூலை 29, ஞாயிறு

முதல் ஓலை. என் பெயரை 'கிப்சன் என்பவரின் விதவை' என்று சேர்த்துப் படித்தார்கள். கிப்சன் பெயர் கோயிலில் கேட்டுப் பதினான்கு மாதம் ஆயிற்று, அது மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது. தடை உள்ளவர்கள் என்றபோது எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். கால் எழவில்லை. பெர்சி இரண்டு வரிசை முன்னால் மாமியோடு இருந்தாள்.

ஜூலை 31, செவ்வாய்

பெர்சி செல்வினை இனி சித்தப்பா என்று கூப்பிடக்கூடாதாம், அப்பா என்று கூப்பிடவேண்டுமாம். பிள்ளை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளை வெளியே கொண்டுவர எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வந்ததும் சொன்னாள், "சித்தப்பா மாடியில அழுதாங்க. போன்ல ஒரு ஆன்ட்டிகிட்ட ஜெபம் பண்ணுன்னு சொன்னாங்க." வேலையிடத்தில் என்ன பிரச்சினையோ.

ஆகஸ்ட் 2, வியாழன்

பிற்பகல் நானும் மாமியும் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் அதிகாரத்தை மேலோட்டமாகச் சொன்னால் போதும் என்றார்கள். ராத்திரி களத்துக்குப் பெண்ணை அனுப்புகிற கதை, வயசுப் பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார்கள். சரி என்றேன். அப்புறம் அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். கை மட்டும் நிற்கவில்லை.

"உன்ன நான் கொடுமப்படுத்துதேன்னு நெனைக்க. எனக்குத் தெரியும். கிப்சன் போன அன்னிக்கு இந்த வீட்டுல பாதி போச்சு. நீ பிள்ளையத் தூக்கிட்டுப் போனா மீதியும் போச்சு. செல்வினோ கடல் தாண்டிக் கெடக்கான். எம் மடியில ஒரு பேரப்பிள்ளையப் போடு, கிப்சன் பேரு வைப்போம். வேற என்னத்தக் கேட்டேன் உங்கிட்ட."

அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. மாமியை வெறுக்க முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும். கிப்சனின் கடைசி சட்டையைத் துவைக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அழுது முடித்து முகம் கழுவி, எழுந்துபோய்க் கேட் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

மூன்றாவது பாடம். மேலோட்டமாகத்தான் சொன்னேன். ஒன்றை மட்டும் விடமுடியவில்லை. அந்தக் களத்தில் உன் போர்வையை என்மேல் விரி என்று கேட்டவள் ரூத். அந்த மக்களிடையே அதற்கு என்னைக் கட்டிக்கொள் என்று அர்த்தம். கேட்டது அவள், பதில் சொன்னது அவன். வேறு யாரும் அவளுக்காகச் சம்மதம் சொல்லவில்லை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

இரண்டாவது ஓலை. தையல்காரர் வந்து ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துப் போனார்.

ஆகஸ்ட் 6, திங்கள்

நாலாம் அதிகாரத்துக்குப் பியூலா அக்காவின் உறை வந்தது. மாமி பிரித்து, உதறி, தலைப்பைப் பார்த்து என்னிடம் தந்தார்கள். மூன்று தடவை படித்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக மேற்கோள் காட்டப்படுகிற அந்தச் சட்டம் உண்மைதான். ஆனால் அது பிள்ளையில்லாமல் செத்தவனுடைய மனைவிக்கு. பிள்ளை ஒன்று இருந்தால், அது பெண்ணாகவே இருந்தாலும், அந்தச் சட்டம் அவளைத் தொடாது என்றே அவர்களுடைய மூப்பர்கள் தீர்த்திருக்கிறார்கள். தொடாது என்பது மட்டுமில்லை, அப்போது கணவனின் சகோதரனைக் கட்டுவது அவர்களுக்கு விலக்கப்பட்ட காரியம்.

பிள்ளையில்லாதவளுக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். கொழுந்தனுக்கு மனமில்லை என்றால் அவள் ஊர்வாசலில் மூப்பர்கள் முன் போய் நிற்பாள். பிற்காலத்தில் பத்துப் பேர் சாட்சி வேண்டும் என்றார்கள். எல்லாரும் பார்க்க அவன் வலது காலின் செருப்பு வாரை அவள் தன் கையால் அவிழ்த்துக் கழற்றுவாள். அவன் முகத்துக்கு எதிரே துப்புவாள். அவ்வளவுதான், முடிந்தது. அதுவரை அவள் கட்டப்பட்டவள். எத்தனை வருடமானாலும் எங்கும் போகமுடியாது. செருப்பு கழன்றபின் அவளை யாரும் கட்டிவைக்க முடியாது, அவளுடைய காலுக்கு எந்த வழியும் வழிதான். நகோமியின் நிலத்தை மீட்கவேண்டிய நெருங்கின உறவினன் போவாஸுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறானே, அவனும் இப்படி ஒரு பழைய வழக்கப்படிதான் தன் பாத்தியதையை விடுகிறான்.

நாங்களோ இத்தனை வருடமாக அதைக் கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசித் தாளின் ஓரத்தில், வசன எண்களுக்கு நடுவே பென்சிலால் பொடி எழுத்தில்: "நூலகத்தில் உதவியாளர் இடம் காலி. உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தங்க ஒரு அறை உண்டு. பெர்சிக்கு வளாகத்திலேயே பள்ளிக்கூடம். 13ஆம் தேதி திங்கள் காலை சான்றிதழ்களோடு வந்து சேரவேண்டும். தள்ளிப்போட முடியாது." அழிரப்பரால் அழித்தேன். அழித்த பிறகும் படிக்கமுடிந்தது.

ஆகஸ்ட் 8, புதன்

மாமி என் பாடத்தில் ஒரு பக்கம் முழுவதையும் சிவப்பில் குறுக்கே அடித்துவிட்டார்கள். செருப்புப் பக்கம். கோயில் கூடத்தில் செருப்பைப் பற்றி என்ன பேச்சு என்றார்கள். அப்புறம் மெதுவாக இன்னொன்றும் சொன்னார்கள்.

"பிள்ள இருக்கவளுக்குச் சட்டம் இல்லன்னு எழுதியிருக்கியே. அத நீ சொல்லப்பிடாது. பெர்சி நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ."

அப்படியானால் மாமி இந்த முறை தலைப்பை மட்டும் படிக்கவில்லை. இந்தப் பின்பக்கத்தையும் படிக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. படித்தால் படிக்கட்டும். மாமி, நீங்கள் வைத்த மீன்துண்டுகளையும் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

எனக்கு மூச்சு முட்டுகிறது. அவ்வளவுதான் இன்று.

ஆகஸ்ட் 10, வெள்ளி

அடித்த பக்கத்தை வாசித்துவிட்டேன்.

வாசிக்கவேண்டும் என்று முடிவு செய்து போகவில்லை. பெர்சியை மாமி மேடையில் மடியில் வைத்திருந்தார்கள். கதையில் ஊர்வாசல் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தேன். பக்கத்தைத் திருப்பினேன், சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் என் கையெழுத்து தெரிந்தது. ஒரு வரி வாசித்தேன், அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. என் குரல் வேப்பமரத்திலிருந்து எனக்கே திரும்பக் கேட்டது. பிள்ளை இருந்தால் சட்டம் இல்லை என்பதையும், பெண்பிள்ளையும் பிள்ளைதான் என்பதையும், வலது கால், வார், பத்துச் சாட்சி, எல்லாவற்றையும் வாசித்தேன்.

கிரேசம்மா எழுந்து, "அப்போ அந்த அம்மா செருப்பக் கழட்டுனது மரியாதைக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை, விடுதலைக்கு என்றேன். எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள், எத்தனை பேர் தரையைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

மாமி எழுந்து முடிவு ஜெபம் செய்தார்கள். என் பெயரைச் சொல்லி, இவளுக்கு நல்ல புத்தியைக் கொடும் என்று இருபது நிமிடம் ஜெபித்தார்கள். அதையும் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது.

வீட்டுக்கு வந்தபின் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பெர்சியின் தலையணையை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை ரயிலில் பிள்ளை பம்பாய் போகிறாள், கல்யாணம் முடிந்து நான் ஒழுங்காக இருந்தால் திரும்பி வருவாள் என்றார்கள். செல்வின் முற்றத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. சுற்றி முடித்து மாடி ஏறிப்போனான். நான் ஊருக்கே பாடம் எடுத்து என் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, சனி

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு மாமி கோயிலில் பூச்சாடி வைக்கப் போவார்கள். இன்று பெர்சியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். கேட் பூட்டும் சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். செல்வின் பின்வாசலில் வந்து நின்றான். கையில் என் சான்றிதழ் உறை. கல்யாணப் பதிவுக்கு என் ஞானஸ்நானச் சான்றும் கிப்சனின் இறப்புச் சான்றும் நகலெடுக்க வேண்டும் என்று மாமியே காலையில் பீரோவைத் திறந்து அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் தன் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறான்.

உறையைத் திண்டில் வைத்தான். அதன்மேல், நகல் கடைக்குப் போய்வர மாமி கொடுத்திருந்த இன்னொரு கேட் சாவியை வைத்தான். பிறகு குனிந்து வலது கால் செருப்பின் வாரை இழுத்தான். கொக்கி கழலவில்லை.

"மைனி, மூணு வாரமும் நான் வெளிய இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். அம்மா முன்னால நின்னு பேச எனக்கு வராது. பத்து மூப்பர்மாரக் கூட்டவும் என்னால ஆகாது. இதுதான் ஆகும்."

அவனும் மூன்று வாரமாக அதே கேட்டுக்குள்தான் இருந்திருக்கிறான். எனக்குத்தான் பூச்சியாகத் தெரிந்தது. வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். வாரை நான் அவிழ்த்தேன். அந்தச் சட்டப்படி அதைப் பெண்தான் செய்யவேண்டும். செருப்பு கனமாக, அவன் கால் சூட்டோடு கைக்கு வந்தது. சாட்சிக்கு அடுக்களைப் பூனை மட்டும்தான் இருந்தது.

பெர்சியைக் கேட்டேன். ஐஸ் வாங்கித் தருகிறேன் என்று கோயிலிலிருந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், நீங்கள் முன்னால் நடந்து மெயின்ரோட்டு விலக்கில் நில்லுங்கள், பதினொன்றுக்கு மதுரை பஸ் என்றான். சொன்னபடியே வந்தான். பிள்ளையை என் கையில் கொடுத்தபோது ஒரு காலில் செருப்பு, ஒரு கால் தார்ரோட்டில். சுடுமே, போட்டுக்கொள் என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கழற்றினது கழற்றினதுதான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டான்.

துப்பவேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நான் அவன் தலையில் கைவைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 13, திங்கள்

காலை எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புத்தகங்களைத் துடைத்து அடுக்குகிற வேலை. பெர்சிக்குப் பள்ளிக்கூடத்தில் நீலநிறப் பை கொடுத்திருக்கிறார்கள், தூங்கும்போதும் கழற்றமாட்டேன் என்கிறாள்.

மதியம் பியூலா அக்காவின் போனுக்குச் செல்வின் பேசினான். நேற்று ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்திருக்கிறார். நான் போய்விட்டது ஊருக்கே தெரிந்தும், கூட்டிவந்துவிடலாம், வாசியுங்கள் என்று மாமி சொல்லியிருக்கிறார்கள். தடை உள்ளவர்கள் என்று ஐயர் கேட்டதும் இவன் எழுந்திருக்கிறான். என்னடா சொன்னாய் என்றேன். "அவங்க எனக்கு மைனின்னு சொன்னேன். வேற ஒண்ணும் வரல. அதுக்கே வேர்த்துட்டு." மஸ்கட்டில் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று பிறகு சொன்னான். எனக்குப் பெர்சி சொன்ன ஆன்ட்டி ஞாபகத்துக்கு வந்தாள்.

மாமி அவனிடம் பேசவில்லையாம். ஆராதனை முடிந்து வெளியே வந்து கோயில் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஜோடி ஜோடியாகக் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் இவனுடைய இடதுகால் செருப்பு மட்டும் ஒற்றையாகக் கிடந்திருக்கிறது. ஷூ இருந்தும் அதையே போட்டுக்கொண்டு போயிருக்கிறான், பிடிவாதக்காரன். மாமி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ஊரே பார்க்கக் குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவரை நடந்திருக்கிறார்கள். அடுத்தவர் செருப்பை மாமி கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

திட்டினார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். சாயங்காலம் வழக்கம்போலப் பூட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு அவன் போயிருக்கிறான். மாமி உள்ளேயிருந்து சொன்னார்களாம்.

"பூட்ட வேண்டாம். பெர்சி வந்தா எட்டாது அவளுக்கு."

பியூலா அக்கா போனை வாங்கி வைத்தாள்.

ஒருநாள் போவேனா என்று தெரியாது. போனால் நானாகப் போவேன். வலது கால் செருப்பை அறையில் கதவோரம் வைத்திருக்கிறேன், பெர்சி அதற்குள் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.